லிஃப்ட்காரர் நட்ட குருவிக் கம்பம்

லிஃப்ட்காரரை வேலையிலிருந்து அனுப்பிய அன்று மேலாளர் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினார். "இவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அந்த இடத்தை யாரையும் கொண்டு நிரப்பவில்லை. அவர் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியை வெளியே எடுத்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றி, சுவரில் ஒரு பொத்தான் பலகையைத் திருகினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மேலாளர் தானே பொத்தானை அழுத்தி மேலே போய்விட்டார். நம்மவர் தெருவுக்கு நடந்துபோனார்.

அந்தக் கட்டடத்துக்குப் பன்னிரண்டு மாடி. ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த மாடி என்று சொல்லிவிடுவார் லிஃப்ட்காரர். கடன் கேட்க வந்தவருக்கு நாலு, கையெழுத்து வாங்க வந்தவருக்கு ஏழு, திட்டு வாங்கப் போகிறவருக்குப் பத்து. காலையில் வந்ததும் லிஃப்டின் தரையைப் பெருக்குவார், பித்தளையைத் துடைப்பார், காலியாக ஒரு முறை மேலே போய்க் கீழே வந்து சத்தம் கேட்பார். அதற்குப் பிறகுதான் ஆளை ஏற்றுவார். இப்படி ஒரு ஆயுளின் பெரும்பகுதி போயிருந்தது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மேலும் கீழும் இழுத்த கை மட்டும் சும்மா இருக்குமா? வீட்டில் ஜன்னல் திரையை ஏற்றினார், இறக்கினார். விருந்தாளி வந்தால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பார்த்து, படி இருக்கு" என்றார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தவரிடம், "மூடிட்டீங்களா? நல்லா மூடலைன்னா நகராது" என்றும் ஒரு நாள் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி பிரசவ மருத்துவமனையில் நர்ஸ். பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று மாறி மாறி ஓடுகிறவர். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அடுப்பைப் பற்றவைப்பார். கணவருக்குக் கை அரித்துக்கொண்டே இருந்ததே, அந்தக் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கணவருக்கோ தோன்றவே தோன்றாது. ஆண்பிள்ளைக்கு அரிக்கிற கை வேறு, பாத்திரம் விளக்குகிற கை வேறு என்று உலகம் எப்படியோ ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வேலை போன அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. அவர்கள் வீட்டுக் கொல்லைப்புற மதிலின்மேல், பழைய பலகையில் அவரே செய்த ஒரு குருவி வீடு இருந்தது. ஒரு ஜோடிச் சிட்டுக்குருவி அதில் குஞ்சு பொரித்திருந்தது. மதில்மேல் நடப்பதை உரிமையாகவே கருதும் ஒரு பூனை வந்து, கையை உள்ளே விட்டு, குஞ்சுகளை எடுத்துக்கொண்டது. பெரிய குருவிகள் இரண்டு நாள் கத்திவிட்டுப் போய்விட்டன.

பக்கத்து வீட்டுக்காரர் இதை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பத்திரப்பதிவு எழுத்தர். பல்லி கத்தினாலும் பால் பொங்கினாலும் பொருள் சொல்கிறவர் என்பதால் தெருவில் அவருக்குச் சகுனம் என்று பெயர். முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் 'சார்'.

"மனசுல வெச்சுக்காத" என்றார் சகுனம். "சிறகு இருக்கிறதுக்கு முதல்ல தெரிஞ்சிடும். ராசி இறங்கின வீட்ல அது தங்காது. வேலை போச்சு, குருவியும் போச்சு பார்த்தியா? இனிமே வராது."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் ஆட்கள் பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் பனம்பழம் தன் தலையில் விழுந்தவன் அந்தப் பழமொழியை நினைப்பதில்லை, காக்கையைத்தான் தேடுகிறான். லிஃப்ட்காரருக்கும் அந்தப் பேச்சு உள்ளே இறங்கிவிட்டது. படித்துப் பட்டம் வாங்கியவர்களே விழுகிற குழி அது. ஒருவன் பிழைப்பைப் பறித்தவர்களுக்குப் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் இருக்கும். ராசி என்று சொல்லிவிட்டால் அவர்கள் யாரையும் தேட வேண்டியதில்லை. பறிகொடுத்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாம்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்: "பூனை எட்டாத உயரத்துல ஒரு கம்பம் நடப் போறேன். அதுமேல வீடு. குருவி திரும்ப வந்துடுச்சுன்னா அந்தாள் வாயை மூடுவான்ல?"

"வரலைன்னா?"

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். வரவில்லை என்றால் சகுனம் சொன்னது மெய்யாகிவிடும் என்று மனிதர் தனக்குள் தீர்மானம் செய்துவிட்டார் என்று மனைவிக்குப் புரிந்தது. இரண்டு கையளவுப் பறவைகள் ஒரு முழு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதப்போகின்றன!

மறுநாள் இரும்புச் சாமான் கடைக்குப் போனார். விற்பனைக்காரர் உற்சாகமான ஆள்.

"வாங்க அண்ணே. நீட்டுற கம்பா? ஒட்டடைக்கா, பெயின்ட்டுக்கா?"

"குருவிக்கு."

"விரட்டவா?"

"குடிவைக்க."

விற்பனைக்காரர் ஒரு நொடி யோசித்துவிட்டு, தெரிந்ததை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் வந்தது அலுமினியம். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள். இழுத்து நீட்டி, ஒரு முறுக்கு முறுக்கினால் இறுகிவிடும். "பிடிச்சா பிடிச்சதுதான், யானை ஏறினாலும் இறங்காது" என்றார். லிஃப்ட்காரர் தன் துணிப்பையை அதன் உச்சியில் மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விற்பனைக்காரரும் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பை, வெட்கப்படுகிற மாதிரி, மெதுவாகக் கீழே வர ஆரம்பித்தது.

"யானை இறங்குதுப்பா" என்றார் லிஃப்ட்காரர்.

அடுத்தது பழம் பறிக்கிற கம்பு. எடையே இல்லை. நீட்டியதும் தூண்டில் மாதிரி வளைந்தது. "காத்தடிச்சா உள்ள இருக்கிற குருவி வாந்தி எடுக்கும். வேற." மூன்றாவதில் பிளாஸ்டிக் நெம்புப் பிடி இருந்தது. வெயிலில் ஒரு வருடம் நின்றால் பிஸ்கட் மாதிரி உடையும் என்று அதையும் தள்ளினார். நான்காவதுதான் அவர் கண்ணில் பட்டது. துத்தநாகம் பூசிய இரும்பு. மூன்று குழாய்கள், பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். வேண்டிய உயரத்தில் துளைகளை நேர்படுத்தி விரல் தடிமனுள்ள ஓர் ஊசியைச் செருகினால் உலகமே சாய்ந்தாலும் இறங்காது. வீட்டைக் கழுவ வேண்டும் என்றால் ஊசியை உருவி இறக்கிக்கொள்ளலாம்.

அதைக் கையில் பிடித்ததும் மனிதர் முகம் மாறிவிட்டது. ஏற்றினார். ஊசியைச் செருகினார். உருவினார். இறக்கினார். மறுபடி ஏற்றினார். உதடு தன்னால் அசைந்தது: "ஒண்ணு... ரெண்டு... மூணு." ஆணி வாங்க வந்த ஓர் அம்மா ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "இவர் கம்பெனி ஆளா? நல்லா காட்டுறாரே" என்று விற்பனைக்காரரிடம் கேட்டார்.

கம்பத்தை நட வந்தவர் மச்சான். நர்ஸின் தம்பி, குழாய் வேலை செய்கிறவர். கடப்பாரை, மண்வெட்டி, சிமெண்ட் மூட்டையோடு வந்து இறங்கியதுமே இடம் பற்றிச் சண்டை ஆரம்பித்தது. லிஃப்ட்காரர் கொல்லையின் நடுவில் கேட்டார். அங்கே துணிக்கொடி இருந்தது.

"என் கொடியில கை வெச்சா கம்பத்துல உங்களைக் கட்டிடுவேன்" என்றார் நர்ஸ் உள்ளிருந்தே.

மதிலிலிருந்தும் எலுமிச்சை மரத்திலிருந்தும் பூனை தாவ முடியாத தூரத்தில் நட வேண்டும். பூனை எவ்வளவு தூரம் தாவும் என்று யாருக்கும் தெரியவில்லை. சோதித்தே பார்த்துவிடலாம் என்றார் மச்சான். மதிலுக்கு எட்டத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் ஒரு மீன் துண்டை வைத்தார்கள். பூனை வந்தது. மதில்மேல் நின்று மீனைப் பார்த்தது, இவர்களைப் பார்த்தது. பிறகு மதிலிலிருந்து இறங்கி, தரையில் நடந்துபோய், முக்காலியில் ஏறி, தின்றுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து முகம் கழுவியது.

"இது படிச்ச பூனை மாமா" என்றார் மச்சான். "நாம ரெண்டு மடங்கு தூரம் விட்டுடுவோம்."

கம்பத்தை நேராகச் சிமெண்டில் புதைத்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. அதனால் ஒரு தடித்த உறைக்குழாயைப் புதைத்து, அதற்குள் கம்பத்தை நிறுத்துவது என்று ஏற்பாடு. தண்ணீர் வடிய அடியில் ஜல்லி. குழாயின் வாயில் சிமெண்ட் விழாமல் இருக்க, அறுந்த ரப்பர் செருப்பு ஒன்றை வட்டமாக வெட்டி அடைத்தார் மச்சான். பிறகு சிமெண்டைக் கொட்டி, குழாயைக் கையால் பிடித்துக் கண்ணை இடுக்கிப் பார்த்து, "நேரா இருக்கு" என்றார்.

லிஃப்ட்காரர் ரசமட்டத்தை எடுத்துவந்தார். குமிழி ஒரு நூல் தள்ளி நின்றது.

"சாய்ஞ்சிருக்கு."

"மாமா, அது குமிழி சாய்ஞ்சிருக்கு."

"லிஃப்ட் தரை வாசலுக்கு ஒரு நூல் ஏறி நின்னா ஆள் தடுக்கி விழுவான், தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா. ஆனா குருவி உள்ள பறந்து போகும். நடந்து போகாது."

அந்த வாதம் நியாயமானதுதான். ஆனாலும் குமிழி நடுவுக்கு வரும்வரை அவர் விடவில்லை. சகுனம் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "வாசல் எந்தத் திசை?" என்று கேட்டார்.

"மழை அடிக்காத திசை சார்" என்றார் மச்சான். அத்தோடு தலை இறங்கிவிட்டது.

சிமெண்ட் இறுகியதும் கம்பத்தை நிறுத்தி, கிரீஸ் தடவி, புதிதாகத் துடைத்த பலகை வீட்டை உச்சியில் பூட்டி, ஏற்றினார்கள். சத்தமே இல்லாமல் போயிற்று. பாதிக்குக் கீழே, தகரத்தைக் கூம்பாக வளைத்துக் கவிழ்த்து மாட்டினார் மச்சான். பூனை ஏறினால் வழுக்கி விழத்தான் அது. ஊசி செருகியாயிற்று. மேலே பார்த்துக்கொண்டு நின்ற லிஃப்ட்காரரின் கழுத்தை நர்ஸ்தான் கையால் பிடித்து நேராக்கினார்.

குருவி வரவில்லை.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. தெருமுனை மின்கம்பத்தில் குருவிகள் இருந்தன. மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னால் இருந்தன. இந்தக் கொல்லைக்கும் வந்தன, கொடியில் உட்கார்ந்தன, பேசின, போய்விட்டன. வீட்டுக்குள் மட்டும் குடியேறவில்லை. சகுனம் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் மதிலோரம் வந்து, அண்ணாந்து பார்த்து, "ப்ச்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போனார். சொல்லாததுதான் அதிகமாக உறைத்தது.

லிஃப்ட்காரர் இளைத்தார். "கழுத்துல பலகை எழுதி மாட்டாத குறைதான். என் ராசி அதுங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று ஒரு நாள் மனைவியிடம் சொல்லிவிட்டார். நர்ஸ் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். கல்யாணமான நாளிலிருந்து தன்னைப் பற்றி அந்த மனிதர் இவ்வளவு தாழ்வாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"குருவிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, உங்க வேலை நீக்க உத்தரவைப் படிக்க? ஏதோ ஒரு காரணம் இருக்கும். நாளைக்கு எனக்கு லீவு. நான் பார்க்கிறேன்."

மறுநாள் காலை நர்ஸ் துணி உலர்த்தும் சாக்கில் கொல்லையில் நின்றார். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே ஆண் குருவி வந்தது. வாயில் ஒரு நீளமான வைக்கோல். துளைக்குள் நுழைந்தது, வைத்தது, போனது. பெட்டை ஒரு நூல் துண்டைக் கொண்டுவந்தது. நர்ஸுக்கு வாயெல்லாம் பல். கணவரைக் கூப்பிடத் திரும்பினார்.

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. கணவர் துடைப்பக்குச்சியும் துணியுமாக வந்துகொண்டிருந்தார். கம்பத்தருகே நின்று, மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. ஊசியை உருவினார். வீடு வழுக்கிக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. மூடியைத் திறந்தார். "காத்துக்கு எவ்வளவு குப்பை சேருது பாரு" என்று முனகிக்கொண்டே வைக்கோலையும் நூலையும் வழித்துக் கீழே போட்டார். துணியால் உள்ளே துடைத்தார். வாசலின் விளிம்பைத் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஆண் குருவி அடுத்த வைக்கோலோடு வந்தது. வீடு இருந்த உயரத்துக்கு நேராக வந்தது. அங்கே வீடு இல்லை. வெறும் ஆகாயத்தில், வாசல் இருந்த அதே இடத்தில், சிறகை அடித்துக்கொண்டு தொங்கியது. வலப்பக்கம் பார்த்தது, இடப்பக்கம் பார்த்தது. முகவரி எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு தெருவில் அலைகிற ஆள் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வைக்கோலை அப்படியே போட்டுவிட்டுப் பறந்துபோனது. வைக்கோல் லிஃப்ட்காரரின் தோளில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டார்.

"பாரு, இப்படித்தான் குப்பை பறக்குது."

நர்ஸ் கொடியைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க... இதை தினமும் செய்யறீங்களா?"

"காலையில ஒருதடவை. மத்தியானம் வெயில் ஏறிச்சான்னு பார்க்க ஒருதடவை. சாயங்காலம் திருகாணி எல்லாம் சரியா இருக்கான்னு. சுத்தமா இல்லாத இடத்துக்கு யாரு குடி வருவாங்க?"

நர்ஸ் அப்படியே கல்லில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கோபம் வந்தது.

"பிரசவ வார்டு வாசல்ல நான் பார்க்காத ஆம்பளையா? அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை கதவைத் தள்ளி, ஆச்சா, ஆச்சான்னு கேட்பாங்க. விரட்டி விரட்டி எனக்குத் தொண்டை போச்சு. ஆனா ஒருத்தனாவது கட்டிலையே வெளிய உருட்டிட்டு வந்து, மெத்தையைத் தூக்கிப் போட்டு, துடைச்சு வெச்சுட்டு, அப்புறம் இங்க ஏன் யாருமே பெத்துக்க மாட்டேங்கிறாங்கன்னு கேட்டிருக்கானா? அது குப்பை இல்லைங்க. அதுங்க கட்டுற கூடு!"

லிஃப்ட்காரர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். கீழே கிடந்த வைக்கோலைப் பார்த்தார். கொல்லை மூலையில் இரண்டு வாரமாக அவர் பெருக்கிக் குவித்திருந்த குவியல் இருந்தது. மூன்று கூடு கட்டலாம்.

"நானா?" என்றார்.

"நீங்கதான். ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உங்க கை."

நர்ஸே வீட்டை ஏற்றி, ஊசியைச் செருகி, அதன் துளையில் ஒரு சின்னப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் நர்ஸ் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "கைக்கு வேலைதானே வேணும்? வாங்க உள்ள." அன்று முதல் பாத்திரம் கணவருடையது. துணி துவைப்பதும் அவருடையது. முதல் வாரம் தட்டுகளைப் பித்தளை மாதிரித் தேய்த்துப் பூவேலையை எல்லாம் அழித்துவிட்டார். இரண்டாவது வாரம் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து வந்த நர்ஸ், செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே சாப்பிட்டார். நியாயமாக எப்போதோ நடந்திருக்க வேண்டியது. அதற்கு ஒரு குருவி வழி செய்ய வேண்டியிருந்தது.

பூட்டு என்னவோ சின்னதுதான். அதைத் தொடாமல் இருப்பது அந்த மனிதருக்கு மலையாக இருந்தது. சமையல்கட்டு ஜன்னல் வழியே பார்ப்பார். கை கரண்டியை மேலும் கீழும் ஆட்டும். "சாவி" என்று ஒருமுறை கேட்டார். "வார்டுக்குள்ள அனுமதி இல்லை" என்று பதில் வந்தது. திரும்பக் கேட்கவில்லை.

குருவிகள் வந்தன. முதலில் ஆண், பிறகு பெட்டை. வைக்கோல் வந்தது, நூல் வந்தது, யார் வீட்டுத் துடைப்பத்திலிருந்தோ ஒரு குச்சி வந்தது, நர்ஸின் தலைமுடிகூட ஒன்று போயிற்று. வாசலுக்கு வெளியே அலங்கோலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார், தொடவில்லை. பூனை ஒரு நாள் கம்பத்தில் ஏறிப் பார்த்தது. தகரக் கூம்புவரை போய், உச்சந்தலை இடித்துக்கொண்டு, யாரும் பார்க்காத மாதிரி நடந்துபோனது. சில வாரங்களில் உள்ளேயிருந்து குஞ்சுகளின் குரல் கேட்டது. அன்று அவர் சோற்றைக் குழைத்துவிட்டார். நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. சகுனம் மதிலோரம் வந்து, அண்ணாந்து பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"பார்த்தியா, சொன்னேன்ல? ராசி திரும்பிடுச்சு. குருவி வந்துடுச்சு. இனி வேலையும் திரும்பி வரும் பாரு."

லிஃப்ட்காரர் கொடியில் மனைவியின் வெள்ளைக் கோட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"ராசி எங்கயும் போகலை சார், திரும்பியும் வரலை. நான் தினமும் அதுங்க வீட்டைப் பிடுங்கிப் போட்டேன், அதுங்க வரலை. கையை எடுத்தேன், வந்துடுச்சு. அவ்வளவுதான் விஷயம்."

"அப்படிச் சொல்லாத. வேலை போனது மட்டும்..."

"அதுவும் தெரியும் சார் எப்படிப் போச்சுன்னு. கூட்டம் போட்டாங்க. ஆறு பேரு. லிஃப்டுக்கு ஆள் எதுக்குன்னு பேச. பன்னிரண்டாவது மாடியில. அந்த ஆறு பேரையும் மேல கொண்டுபோய் விட்டது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். கதவைத் திறந்து பிடிச்சேன். பார்த்துப் போங்க சார்னு சொன்னேன். ஒருத்தர் நன்றின்னுகூடச் சொன்னார். பேசி முடிச்சதும் கீழயும் நான்தான் கொண்டுவந்து விட்டேன்."

சகுனத்தின் சாத்திரத்தில் இதற்கு ஒரு பலனும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது.

"ஆறு பேருக்கும் பேரு தெரியும்" என்றார் லிஃப்ட்காரர். "பக்கத்துக் கட்டடங்கள்ல இதே மாதிரி அனுப்பின லிஃப்ட்காரங்க இன்னும் இருக்காங்க. அவங்களோட சேர்ந்து நாளைக்குத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போறோம். ராசியைப் பார்க்க இல்லை."

ஆண் குருவி வாயில் புழுவோடு மதில் பக்கமாக வந்தது. நேரே வழியில் சகுனத்தின் தலை இருந்தது. அது கொடியில் உட்கார்ந்து, கோபமாக வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார் லிஃப்ட்காரர். "பிள்ளைங்க பசியில இருக்கு."